ராமநாதபுரம் கடற்கரையில் தேனீ வளர்ப்பு: பெட்டிக்கு முன்னால் பூவைப் பற்றிப் பேசுவோம்

உச்சிப்புளித் தோப்பு:

வணக்கம். நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் பக்கம் கொஞ்ச காலமாக ஊருக்கு ஊர் தேனீ வளர்ப்புப் பயிற்சி நடக்கிறது, பயிற்சிக்குப் போனவர்களுக்கு மானியத்தில் பெட்டியும் கிடைக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் போன வாரம் ஒரு தோப்புக்குப் போயிருந்தேன். பத்துப் பெட்டி வரிசையாக நிற்கிறது, எட்டில் ஈ இல்லை. ஒன்றைத் திறந்தால் மூடிக்கு அடியில் பல்லி முட்டை, அடை முழுக்க மெழுகுப்புழு வலை பின்னியிருக்கிறது, சட்டத்தைத் தூக்கினால் அடை பொடிப்பொடியாகக் கொட்டுகிறது. வளர்த்தவரைக் குறை சொல்ல மாட்டேன். சொல்லிக் கொடுத்த எல்லாவற்றையும் அவர் செய்திருக்கிறார், ஸ்டாண்டு கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம்கூட வைத்திருக்கிறார். ஈக்குத் தீனி இல்லை, கிளம்பிப் போய்விட்டது.

எனக்கும் நடந்ததுதான். என்னிடம் 38 பெட்டி இருந்தது, எல்லாம் நம் நாட்டு ஈயான அடுக்குத்தேனீ. எங்கள் ஊர்க் கண்மாயில் சீமைக்கருவேலத்தை ஒரே மூச்சில் பொக்லைன் வைத்து எடுத்தார்கள். எடுக்க வேண்டியதுதான், தண்ணீர் நிற்க இடமில்லாமல் கிடந்த கண்மாய். ஆனால் அந்த ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்க ஆரம்பித்த மூன்றே வாரத்தில் 11 கூட்டம் பறந்துவிட்டது. சர்க்கரைப் பாகு வைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. அடுக்குத்தேனீயின் குணமே அது. தீனி குறைந்தால் ராணியோடு கிளம்பிவிடும், பெட்டி யாருடையது என்று பார்க்காது.

அதற்கப்புறம்தான் ஒரு நோட்டுப் போட்டேன். எந்த மாதம் எது பூக்கிறது, ஈ எதில் உட்காருகிறது, காலில் என்ன நிறத்தில் மகரந்தம் கொண்டுவருகிறது என்று. மூன்று வருஷக் கணக்கு கையில் இருக்கிறது. தை, மாசியில் கவலை இல்லை. கரையை விட்டு உள்ளே போனால் கொத்தமல்லி, மிளகாய், இங்கே முருங்கை. பங்குனி, சித்திரையில் புங்கும் வேம்பும் சேர்ந்து பூக்கும், பெட்டி கனக்கும். வைகாசி, ஆனியில் புளி. தென்னை வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சம் கொடுக்கிறது. ஆடியிலிருந்து புரட்டாசிவரைதான் வெறுமை, அந்த மூன்று மாதமும் எங்களைத் தாங்கியது சீமைக்கருவேலம். அப்புறம் ஐப்பசி, கார்த்திகையில் மழை, ஈ வெளியே போகவே முடியாது.

நான் கேட்பது இதுதான். இன்னும் பத்து வருஷத்தில் இந்தக் கரையில் தேனீ ஒரு தொழிலாக நிற்க வேண்டும் என்றால், பெட்டி எண்ணிக்கையை இலக்காக வைப்பதை விட்டுவிட்டு அந்த மூன்று மாதத்துக்கு என்ன மரம் வைப்பது என்று முதலில் யோசிக்க வேண்டாமா? உங்கள் ஊர்க் கணக்கையும் சொல்லுங்கள்.

சாயல்குடிப் பனங்காடு:

அண்ணே, கணக்கில் பனையை விட்டுவிட்டீர்கள்.

ஆண்பனை பாளை விடும் காலத்தில் வந்து பாருங்கள், பூக்கதிர் முழுக்க ஈ மொய்த்துக் கிடக்கும். அது மகரந்தம், குஞ்சு வளர்க்கத் தேவையானது. பெண்பனைக்குத்தான் விலை என்று எங்கள் ஊரில் ஆண்பனையை முதலில் வெட்டுவார்கள். 2021-க்கு அப்புறம் பனை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று வந்த பிறகு கொஞ்சம் குறைந்திருக்கிறது.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். அப்பா பனையேறுகிறவர். மாசியிலிருந்து ஆனிவரை பதனீர். காலையில் கலயத்தை இறக்கி வடிகட்டினால் துணியில் முதலில் நிற்பது ஈதான், சில நாள் ஒரு கைப்பிடி தேறும். சுண்ணாம்பு பூசிய கலயமாக இருந்தாலும் இனிப்பு வாசத்துக்கு வந்து விழுந்து செத்துப்போகும். கருப்பட்டி காய்ச்சும் இடத்தில் கேட்கவே வேண்டாம், தாச்சியைச் சுற்றிப் பெரிய மேகம். இப்போது அப்பா கலயத்தின் வாயில் பழைய மீன்வலைத் துண்டைக் கட்டுகிறார், நெருக்கமான கண்ணி உள்ள வலை. பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. வலை நம் கரையில் சும்மா கிடைக்கிறது, செலவே இல்லை.

பதனீர்க் காலத்தில் பனங்காட்டுக்கு நடுவில் பெட்டி வைத்தால் ஈ பூவுக்குப் போகாமல் பதனீரைத்தான் குடித்து நிரப்பும் என்பதையும் யோசியுங்கள். அதைப் பூந்தேன் என்று விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கமுதி மிளகாய்க்காடு:

கருவேலத்துக்கு யாரும் வக்காலத்து வாங்க வேண்டாம். எங்கள் பக்கம் வந்து பார்த்தால் தெரியும், நிலத்தை அப்படியே விழுங்கியிருக்கிறது. ஒரு வருஷம் உழாமல் விட்டால் அடுத்த வருஷம் ஆள் நுழைய முடியாது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017-ல் அகற்றச் சொன்னது, 2022-ல் அரசே அயல் தாவரங்களை அகற்றக் கொள்கை கொண்டுவந்தது. இனி அது போகத்தான் போகிறது, போகவும் வேண்டும். தேனீக்காக அதை வைத்துக்கொள்ளச் சொன்னால் ஒரு விவசாயியும் உங்கள் கூட்டத்துக்கு வர மாட்டான்.

உச்சிப்புளித் தோப்பு:

அண்ணே, வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. போவது போகட்டும், ஆனால் ஒரே வருஷத்தில் மொத்தமும் போனால் நடுவில் இருக்கும் மூன்று, நான்கு வருஷம் ஈ என்ன செய்யும் என்பதுதான் என் கவலை. கண்மாயில் கால் பங்கு எடுத்ததும் கரையில் நாட்டு மரம் வைத்து, அது தலைதூக்கிய பிறகு அடுத்த கால் பங்கு எடுக்கலாமே. விட்ட இடத்தில் திரும்ப முளைக்கும் என்று நீங்கள் சொல்வீர்கள், அதுவும் உண்மை. அதற்கு வருஷா வருஷம் கன்றைப் பிடுங்க ஆள் வேண்டும். அந்தக் கூலியைத் திட்டத்திலேயே எழுத வேண்டும்.

கமுதி மிளகாய்க்காடு:

சரி, அது பேசக்கூடிய விஷயம். கரிமூட்டம் போடுகிறவர்களையும் சேர்த்துப் பேசுங்கள், அவர்கள் பிழைப்பும் அதில்தான் இருக்கிறது. கருவேலம் வெட்டும்போது கொம்பில் கூடு கட்டும் சின்ன ஈயான கொம்புத்தேனீயின் கூடு முதலில் கண்ணில் படுவது அவர்களுக்குத்தான். ஒரு கூட்டுக்கு உள்ளங்கை அளவு தேன்தான் தேறும், ஆனால் அந்த ஈதான் எங்கள் மல்லிக்காட்டில் அதிகம் திரிகிறது.

மருந்து விஷயத்துக்கு வருகிறேன், நீங்கள் யாரும் அதை எடுக்கவில்லை. குண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் இலைப்பேன் வந்தால் வாரம் ஒரு மருந்து அடிக்காமல் காய் பார்க்க முடியாது என்று ஆகிவிட்டது, அதுவும் காலையில் பூ விரிந்து கிடக்கும் நேரத்தில்தான் அடிக்கிறோம், ஏனென்றால் மருந்தடிக்கும் ஆள் அப்போதுதான் கிடைக்கிறான். போன தை மாதம் பக்கத்துப் புஞ்சைக்காரர் அடித்த மறுநாள் வரப்பில் ஈ செத்துக் கிடந்ததை நானே பார்த்தேன். நாக்கு நீண்டு, இறக்கை விரிந்து, சில ஈக்கள் இன்னும் மல்லாந்து சுற்றிக்கொண்டிருந்தன. காலில் மகரந்த உருண்டை அப்படியே ஒட்டியிருந்தது.

மிளகாய் தன் பூவிலேயே காய்த்துக்கொள்ளும், ஈ வந்தால் காய்ப்பிடிப்பு கூடும். மல்லிக்கு ஈ வராவிட்டால் மணி பிடிப்பதே குறையும். இரண்டையும் அடுத்தடுத்து விதைக்கிற ஊர் எங்களுடையது, அதனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் மட்டும் மருந்து என்று ஊரில் பேசி வைத்தால் எனக்குத்தான் லாபம். மாலைக் கூலி ஐம்பது ரூபாய் கூடக் கேட்பார்கள், தேனீக்காரர்கள் அதில் பாதியைக் கொடுத்தால் நான் பேசி முடிக்கிறேன்.

குமரி வண்டி:

மார்த்தாண்டம் பக்கத்துக்காரன் எழுதுகிறேன், வெளியூர்க்காரன் என்று ஒதுக்காதீர்கள். நாங்கள் பெட்டியை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகப் போகிறவர்கள். தை மாதம் ரப்பர் இலை உதிர்ந்து தளிர் விடும்போது இலைக்காம்பில் தேன் சுரக்கும், பூவில் இல்லை, காம்பில். அதுதான் எங்களுக்குப் பெரிய வரத்து. அது முடிந்ததும் கூட்டத்தைக் காப்பாற்ற இடம் தேடுவோம். சாயல்குடிப் பக்கம் முருங்கைக்கு இரண்டு வருஷம் நானே இறக்கியிருக்கிறேன்.

தம்பிமாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆரம்பத்திலேயே இத்தாலியத் தேனீயை வாங்கிக் குவிக்காதீர்கள். தேன் அதிகம் கிடைக்கும் என்று சொல்லித்தான் விற்பார்கள், உண்மையும்கூட. நம் ஈ வருஷத்துக்கு ஐந்து, பத்து கிலோ கொடுக்கும் இடத்தில் அது பல மடங்கு கொடுக்கும். ஆனால் அது அடர்ந்த பூ இருக்கும் இடத்து ஈ. உங்கள் ஆடி மாதத்தில் மூட்டை மூட்டையாகச் சர்க்கரை கேட்கும், உண்ணி வேறு வரும்.

நோயை லேசாக எடுக்காதீர்கள். 1991, 92-ல் சாக்புரூட் என்ற வைரஸ் வந்தது. புழு எழுந்து நின்ற வாக்கில் தண்ணீர் நிரம்பிய பை மாதிரி ஆகிச் செத்துப்போகும். தென்னாட்டில் பத்தில் ஒன்பது அடுக்குத்தேனீக் கூட்டம் போயிற்று. என் அப்பாவுக்கு 200 பெட்டிக்கு மேல் இருந்தது, ஒன்பது மிஞ்சியது. அவர் காலிப் பெட்டிகளை முற்றத்தில் அடுக்கி எரித்தார், நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்தேன், அந்த மெழுகு எரிந்த வாடை இன்னும் மறக்கவில்லை. தப்பிப் பிழைத்த கூட்டங்களைப் பிரித்துப் பிரித்துத்தான் திரும்ப வந்தோம். அதனால் உங்கள் மாவட்டத்துக்கு என்று நோய் தாங்கும் கூட்டங்களைப் பார்த்து, அதிலிருந்து ராணி வளர்த்து, உள்ளூரிலேயே பெட்டி பிரித்துக் கொடுக்க இரண்டு, மூன்று பேர் தயாராக வேண்டும். வெளி மாவட்டத்திலிருந்து ஈயோடு பெட்டி வாங்கி விநியோகிப்பது நோயையும் சேர்த்து விநியோகிப்பது. எங்களை மாதிரி வண்டிக்காரர்கள் வந்தால் எங்கே எத்தனை பெட்டி இறக்குகிறார்கள் என்று ஊராட்சியில் எழுதச் சொல்லுங்கள். நான் மறுக்க மாட்டேன்.

உச்சிப்புளித் தோப்பு:

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. ராணி வளர்ப்பை உங்களிடம் வந்து கற்றுக்கொள்ள நான் தயார். எத்தனை நாள் தங்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

குமரி வண்டி:

இருபது நாள் தங்கு தம்பி. முட்டை வைத்ததிலிருந்து ராணி வெளியே வர 16 நாள் ஆகும், ஒரு சுற்றாவது கண்ணால் பார்க்காமல் கை படியாது.

காரங்காட்டு அலையாத்தி:

நான் மகளிர் குழுவில் இருக்கிறேன். எங்கள் ஊர் அலையாத்திக் காட்டைப் பார்க்கப் படகில் ஆள் வருவது உங்களுக்குத் தெரியும். அந்தக் காட்டில் வைகாசி, ஆனியில் கண்டல் பூக்கும்போது படகில் போனால் தலைக்கு மேல் இரைச்சல் கேட்கும், அவ்வளவு ஈ. மலைத்தேனீயும் வருகிறது. அண்ணன் கணக்கில் அலையாத்தி இல்லை என்பதால் எழுதுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் நாங்கள் ஆறு பெட்டி வைத்தோம். காட்டுக்குள் வைக்க முடியாது, வனத்துறை நிலம், கேட்காமல் கால் வைக்கக் கூடாது. அதனால் கரையில் பட்டா நிலத்தில், பனையோலை வேலி மறைவில் வைத்தோம். முதல் பிரச்சினை தண்ணீர். சுற்றிலும் உப்புத் தண்ணீர், ஈக்கு நல்ல தண்ணீர் கிடையாது. வீட்டுக் குடிதண்ணீர்க் குழாயடியில் வந்து மொய்த்தது, பிள்ளைகளைக் கொட்டியது, பக்கத்து வீட்டில் சண்டை. அப்புறம் மண்தொட்டி வைத்து உள்ளே தேங்காய் மட்டை மிதக்கவிட்டு, தினம் இரண்டு குடம் ஊற்றினோம். எங்கள் ஊரில் குடத்துக்குக் காசு கொடுத்துத்தான் தண்ணீர் வாங்குகிறோம். அந்தச் செலவை எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் நான் பார்த்ததில்லை.

இரண்டாவது, தேன் நீர்த்திருக்கும். கடல்காற்று ஈரம். அடை மூடுவதற்கு முன்னாலேயே அவசரப்பட்டு எடுத்தோம், ஒரு மாதத்தில் புளித்துப் பாட்டில் மூடி தெறித்தது. அடுத்த முறை முக்கால்வாசிக்கு மேல் அறை மூடியிருந்தால்தான் எடுப்பது என்று வைத்துக்கொண்டோம், கெடவில்லை.

ஆனாலும் விட மாட்டோம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது, எங்கள் வீட்டுக்காரர் மாதிரி கூலிக்குப் போகிறவர்களுக்கு அந்த இரண்டு மாதம் கையில் ஒன்றும் இருக்காது. வேம்பு முடிந்து அலையாத்தி தொடங்குவது அப்போதுதான். அந்த நேரத்தில் வருகிற ஐயாயிரம் எங்களுக்குப் பெரிய தொகை.

கீழக்கரைக் கடைத்தெரு:

ராத்தா, நீங்கள் எடுத்த தேனில் இரண்டு பாட்டில் என் கடைக்கு வந்தது, லேசான உப்புச் சுவை, எனக்குப் பிடித்திருந்தது. வாங்கினவரும் திரும்பக் கேட்டார்.

விற்கிறவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஆட்கள் பயந்துபோயிருக்கிறார்கள். 2020 டிசம்பரில் டெல்லி அறிவியல் சுற்றுச்சூழல் மையம் சோதித்ததில் 13 பிராண்டில் பத்து தேறவில்லை என்று வந்த பிறகு யாருமே தேனை நம்பவில்லை. உறைந்த தேனைக் கொண்டுவந்து சர்க்கரை கலந்துவிட்டாய் என்று சண்டை போடுகிறார்கள். கருவேலத் தேன் சீக்கிரம் உறையும், அது அதன் குணம், அதை எத்தனை பேருக்கு நின்று விளக்குவது.

நமக்கு எதிர்காலம் இருப்பது ஒவ்வொரு பூவையும் தனியாக வைத்து, பெயர் எழுதி விற்பதில்தான். வேப்பந்தேன், முருங்கைத்தேன், அலையாத்தித்தேன். எல்லாவற்றையும் ஒரே டிரம்மில் கொட்டி மொத்த வியாபாரிக்குக் கொடுத்தால் அவன் சொல்வதுதான் விலை. அதற்கு முதலில் ஈரப்பதம் பார்க்கும் கருவி வேண்டும். கைக்கு அடக்கமாக வரும், ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் எண் தெரியும். உணவுப் பாதுகாப்பு விதிப்படி 20 சதவீதத்துக்குமேல் ஈரம் இருக்கக் கூடாது. நம் அடுக்குத்தேனீத் தேன் 22, 23 சுலபமாகக் காட்டும். பத்துப் பேருக்கு ஒரு கருவி போதும், நான் வாங்கிக் கடையில் வைக்கிறேன், யார் வேண்டுமானாலும் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

சாயல்குடித் தம்பி சொன்னது சரி. பதனீர் கலந்தது என்று தெரிந்தால் நான் வாங்க மாட்டேன், வேறு யாரும் வாங்கவும் விட மாட்டேன். ஒரு பாட்டிலில் போன பெயர் மொத்தக் கரைக்கும் போகும்.

சாயல்குடிப் பனங்காடு:

கீழக்கரைக் காக்கா, அதற்குத்தான் பதனீர் நிற்கும்வரை எங்கள் பெட்டியில் தேன் எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். அந்தக் காலத்தில் கூட்டம் பிரிக்கிறோம். பெட்டிக்கு ஒன்று பிரித்தால்கூட புதியவர்களுக்குக் கொடுக்கலாம், அண்ணாச்சி சொன்ன உள்ளூர்க் கூட்டமும் ஆச்சு.

கமுதி மிளகாய்க்காடு:

இது நல்ல யோசனை.

உச்சிப்புளித் தோப்பு:

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன், தப்பென்றால் திருத்துங்கள்.

இந்தக் கரையில் ஒரே ஊரில் வருஷம் முழுக்கத் தீனி இல்லை, ஆனால் நூறு கிலோமீட்டருக்குள் தையிலிருந்து ஆனிவரை ஏதோ ஒன்று பூத்திருக்கிறது. குமரி அண்ணாச்சி இருநூறு கிலோமீட்டர் வண்டியில் செய்வதை நாம் ஒரு டாடா ஏஸில் செய்யலாம். தையில் கமுதி மல்லிக்காடு, பங்குனியில் எங்கள் வேம்பு, வைகாசியில் காரங்காட்டுக் கரை. மாலை மருந்துக்குக் கமுதி அண்ணன் கேட்ட கூலியில் பாதி, காரங்காட்டில் தண்ணீர்ச் செலவு, இரண்டையும் பெட்டி கொண்டுபோகிறவன் கொடுக்க வேண்டும். என் 27 பெட்டிக்கு நான் கொடுக்கிறேன்.

ஆடி, ஆவணி, புரட்டாசிக்கு மட்டும் எங்கும் எடுத்துப்போக இடமில்லை. அதற்கு நட்டுத்தான் ஆக வேண்டும். இலந்தை ஆவணி, புரட்டாசியில் பூக்கும், நல்ல தேன், ஆடு மாட்டுக்கும் தழை, கேட்காமலே வளரும். நாட்டுக்கருவேலம் ஆடியிலிருந்து பூத்து மகரந்தம் தரும். சக்கரக்கோட்டைக் கண்மாயில் பறவைகள் கூடு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே மரம்தான், கண்மாய்க்குள் வைக்க ஊரில் மறுப்பு வராது. முருங்கையைக் கவாத்துச் செய்து, தண்ணீர் கொடுத்தால் ஆவணியில் ஒரு பூ வாங்கலாம். மூன்றுமே இங்கே தானாக நிற்கும் மரங்கள், எங்கிருந்தும் கொண்டுவர வேண்டாம். பெட்டியிலிருந்து நம் ஈ ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர்தான் போகும் என்பதால் பெட்டி இருக்கும் இடத்தைச் சுற்றித்தான் நட வேண்டும், ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் ஆயிரம் கன்று வைத்துப் படம் எடுத்துப் பிரயோசனமில்லை. இலந்தை பூக்க நான்கு வருஷமாவது ஆகும். இந்த மழைக்கு நடாவிட்டால் அது ஐந்தாகும்.

மானியம் கொடுக்கும் அலுவலகங்களிடம் நாம் கேட்க வேண்டியதும் இதுதான். பத்துப் பெட்டிக்கு ஒதுக்கும் பணத்தில் ஐந்து பெட்டியும், மீதிக்கு மரமும், மூன்று வருஷம் தண்ணீர் ஊற்றும் கூலியும். இங்கே கடலோர உவர் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன, உப்பு மண்ணில் எது பிழைக்கும் என்று அவர்களிடம் கேட்டுவிட்டு நடுவோம். நாம் கூடும்போது என் நோட்டை நகல் எடுத்து வருகிறேன். உங்கள் ஊர் மாதக் கணக்கையும் எழுதி வாருங்கள்.

காரங்காட்டு அலையாத்தி:

அண்ணே, கச்சான் அடிக்கும் பக்கம் மட்டும் நெருக்கமாக இரண்டு வரிசை வைக்கச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் பெட்டி கவிழ்ந்ததே காற்றில்தான், மேலே கல் வைத்தும் நிற்கவில்லை. கொடுக்காப்புளி வைத்தால் வேலியும் ஆகும், தை, மாசியில் பூவும் ஆகும்.

கமுதி மிளகாய்க்காடு:

இலந்தை விதை என்னிடம் ஒரு சாக்கு இருக்கிறது, ஆடு துப்பியது, பொறுக்கி வைத்திருக்கிறேன். அப்படியே ஊன்றினால் முளைப்பு தாமதமாகும், ஓட்டை லேசாகத் தட்டி உடைத்து ஊன்ற வேண்டும். பரமக்குடிக்கு யாராவது வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

குமரி வண்டி:

செவ்வாய்க்கிழமை அந்த வழியாக மதுரைக்குப் போகிறேன், திரும்பும்போது வண்டி காலியாகத்தான் வரும். நான் எடுத்து உச்சிப்புளியில் இறக்குகிறேன்.